மோதினால்தான் குளிரும், மோதினால் போச்சு!

சீசியம் ஒரு உலோகம். பார்க்க வெளிர் தங்க நிறத்தில் இருக்கும். 28.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிடும், அதாவது நம்ம ஊர் ஏப்ரல் மாசத்தில் மேஜை மேல் வெச்சாலே போதும். ஆனா வைக்கக் கூடாது, காற்று பட்டாலே தீப்பிடிச்சுக்கும். அதனால சீல் பண்ண கண்ணாடிக் குழாய்க்குள்தான் இருக்கும். ஒரு செகண்ட் என்பது எவ்வளவு நேரம் என்று முடிவு பண்றதும் இதே சீசியம்தான். 1967-லிருந்து, சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்கிற நேரம்தான் ஒரு செகண்ட். இவ்வளவு துல்லியமாக அளந்து வெச்சிருக்கிற அணுக்கள் ரொம்பக் குறைவு.

அப்படிப்பட்ட அணுவை வெச்சு 1990-களில் உலகின் கெட்டிக்கார லேப்கள் சில ஒரு வேலை செய்யப் பார்த்தாங்க. போஸ்-ஐன்ஸ்டைன் கண்டன்சேட் உருவாக்குவது. அணுக்களை முழுப் பூஜ்ஜிய வெப்பநிலைக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோனால், எல்லா அணுவும் ஒரே குவாண்டம் நிலையில் போய் உட்காரும் என்ற கணிப்பு. 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை ஒட்டி ஐன்ஸ்டைன் சொன்னது. ருபிடியத்தில் அது 1995-ல் நடந்தது. சோடியத்தில் அதே வருஷம் நடந்தது. சீசியத்தில் 2002 வரை நடக்கலை.

ஏன் நடக்கலை? லேசர் சரியில்லையா, வாக்குவம் சரியில்லையா? ரெண்டும் இல்லை. சீசியம் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகிற விதம்தான் காரணம். இதில் வேடிக்கை என்னன்னா, மோதலே இல்லாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது. அது எப்படின்னு படிப்படியா பார்ப்போம்.

சுவர் இல்லாத பாத்திரம்

முதல் கேள்வி, குளிர்ந்த அணுக்களை எதில் பிடிச்சு வைப்பீங்க? சாதாரண பாத்திரம் உதவாது. நாம பேசப்போறது மைக்ரோ கெல்வின் கணக்கில். அந்த அணுவுக்கு முன்னாடி, திரவ ஹீலியத்தில் முக்கி எடுத்த சுவர்கூட அடுப்பு மாதிரிதான். தவிர, உலோக அணு குளிர்ந்த சுவரில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கும், திரும்பி வராது.

அதனால காந்தப்புலத்தாலேயே ஒரு பாத்திரம் செய்வாங்க. இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். சீசியம், ருபிடியம், சோடியம் எதுவும் இரும்பு மாதிரி காந்தத்தில் போய் ஒட்டிக்கிற உலோகம் இல்லையே? கட்டியாக இருக்கும்போது இல்லை, உண்மைதான். ஆனா வாயுவாகத் தனித்தனி அணுவாகப் பிரிச்சுட்டால், ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும் ஜோடி இல்லாத ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கும். அதன் ஸ்பின் அந்த அணுவை ஒரு குட்டி காந்தமாக்கும். காந்தத் திருப்புத்திறன், நாம கிளாஸ்ல மேக்னடிக் மொமென்ட்னு சொல்றது. 1922-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலம் வழியா அனுப்பி, அது ரெண்டாகப் பிரியறதைக் காட்டினாங்களே, அதே விசைதான் இங்கேயும்.

விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் பிரச்சினை புரியும். ஒரு எலக்ட்ரான் அளவு காந்தத் திருப்புத்திறனுக்கு, 1 டெஸ்லா புலம் கொடுக்கிற ஆற்றல் வெறும் 0.67 கெல்வினுக்குச் சமம். அறை வெப்பநிலை 300 கெல்வின். அப்போ சாதாரண வாயு அணுவைப் பிடிச்சு வைக்க 450 டெஸ்லா மாதிரி வேணும். ஆஸ்பத்திரியில் இருக்கிற எம்ஆர்ஐ மெஷினே 1.5 அல்லது 3 டெஸ்லாதான். ஆகவே நேரடியா பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. முதல்ல லேசரால் வேகத்தைக் குறைக்கணும். எதிரே வர்ற ஃபோட்டான்களை அணு திரும்பத் திரும்ப விழுங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் இழக்கும். இதுக்கு 1997-ல் ஸ்டீவன் சூ, கிளோட் கோஹன்-தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூணு பேருக்கும் நோபல் கிடைச்சது. அறை வெப்பநிலையில் நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் ஓடுற சீசியம் அணு, 1 மைக்ரோ கெல்வினில் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகராது. எறும்பே முந்திடும்.

இப்படி மந்தமாக்கின அணுவுக்கு 100 காஸ் புலமே தாராளம். 6.7 மில்லிகெல்வின் ஆழமுள்ள பள்ளம் கிடைக்கும். 1985-ல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் பிலிப்ஸின் குழு சோடியம் அணுக்களை முதல்முதலா இப்படிப் பிடிச்சது. அமைப்பு ரொம்ப எளிது. ரெண்டு காயில், எதிரெதிர் திசையில் கரன்ட், அவ்வளவுதான். நடுவில் புலம் பூஜ்ஜியம், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புலம் ஏறும். அணுக்கள் ஒரு செகண்டுக்கும் குறைவாகத்தான் தங்கின. மிச்சமிருந்த காற்று மூலக்கூறுகள் வந்து இடிச்சுத் தள்ளிடுச்சு. முதல் கெட்ட மோதல் இது. ஆனா இதுக்கு மருந்து இருக்கு. வாக்குவத்தை இன்னும் நல்லா இழுக்கணும். 1995-ல் இதெல்லாம் 10 இன் மைனஸ் 11 அடுக்கு டார் வரைக்கும் போயிடுச்சு. அதனால இதை இதோட விட்டுடலாம்.

எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் போடும் நிபந்தனை

இனிமேல்தான் விஷயமே. காந்தப்புலத்தில் ஒரு குட்டி காந்தம் ரெண்டு விதமா நிற்கலாம். புலத்தோட சேர்ந்து நின்றால் ஆற்றல் குறைவு, அது புலம் அதிகமான இடத்தைத் தேடிப் போகும். எதிர்த்து நின்றால் ஆற்றல் அதிகம், அது புலம் குறைவான இடத்தைத் தேடிப் போகும். முதல் வகையைப் பிடிக்க, வெற்றிடத்தின் நடுவில் புலம் உச்சமாக இருக்கிற ஒரு புள்ளி வேணும். ரெண்டாவது வகைக்கு, புலம் குறைந்தபட்சமாக இருக்கிற ஒரு புள்ளி வேணும்.

1984-ல் வில்லியம் விங் ஒரு தேற்றம் காட்டினார். கரன்ட் ஓடாத வெற்றிடத்தில், நிலையான காந்தப்புலத்துக்கு நடுவில் உச்சப் புள்ளி இருக்கவே முடியாது. குறைந்தபட்சப் புள்ளி மட்டும்தான் முடியும். மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து நேரா வர்ற முடிவு, காயிலை எப்படிச் சுத்தினாலும் தப்பிக்க முடியாது. அந்த பேப்பரை நாம மூணாவது செமஸ்டரில் எழுதிட்டு மறந்துட்டோம், ஆனா அது இந்தத் துறையின் தலையெழுத்தையே எழுதியிருக்கு.

இதன் விளைவை யோசிச்சுப் பாருங்க. காந்தப் பொறியில் மாட்டறது, புலத்தை எதிர்த்து நிற்கிற, ஆற்றல் அதிகமான அணு மட்டும்தான். ஆற்றல் மிகக் குறைந்த அடிநிலை எப்பவும் புலத்தோட சேர்ந்து நிற்கிற நிலை, அதைப் பிடிக்கவே முடியாது. அதாவது, பொறிக்குள் இருக்கிற எல்லாருமே மாடியில் நிற்கிறவங்க. கீழே தரைத்தளம் காலியா இருக்கு. தனியா இருக்கிற அணு தானா இறங்காது, அதுக்குப் படி இல்லை. ரெண்டு அணு மோதும்போது மட்டும் ஒரு படிக்கட்டு தோன்றும். இறங்கினால் மிச்ச ஆற்றல் வேகமா மாறும், அந்த அணு பொறியையும் இழக்கும்.

சரி, அப்போ மோதவே விடக் கூடாதுன்னு தோணுதா?

மண்பானையும் ரேடியோவும்

லேசர் ஓரளவுக்குத்தான் குளிர்விக்கும். ஒவ்வொரு ஃபோட்டானும் அணுவை ஒரு தட்டு தட்டத்தான் செய்யும், அந்தத் தட்டுக்குக் கீழே போவது கஷ்டம். சீசியத்துக்கு லேசரால் சில மைக்ரோ கெல்வின் வரை வரலாம். ஆனா கண்டன்சேட்டுக்கு இன்னும் குளிரும் வேணும், அடர்த்தியும் வேணும். அணு ஒரு அலையும்தானே? ருபிடியம் அணுவின் அலைநீளம் அறை வெப்பநிலையில் ஒரு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 100 நானோ கெல்வினில் அதுவே 0.6 மைக்ரோமீட்டர். பக்கத்து அணு வரைக்கும் இந்த அலை நீளணும். அப்போதான் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிலைக்குப் போகும்.

கடைசிக் கட்டத்துக்கு ஹெரால்ட் ஹெஸ் 1986-ல் ஹைட்ரஜனுக்காகச் சொன்ன வழிதான் கைகொடுத்தது. பேரு ஆவியாதல் குளிர்விப்பு. மண்பானைத் தண்ணி எப்படிக் குளிருதோ அப்படியே. வேகமான மூலக்கூறுகள் ஆவியாகிப் போனால் மிச்சத்தின் சராசரி ஆற்றல் இறங்கும். பொறியில் இதைச் செய்ய ரேடியோ அலை போதும். வேகமான அணுதான் பள்ளத்தின் சுவரில் உயரமா ஏறும், அங்கே புலம் அதிகம். ருபிடியத்தின் பொறிநிலையில் 1 காஸுக்கு 0.7 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில், அந்த உயரத்துக்கான அலைவரிசையை ஒரு ஆன்டெனாவால் அனுப்பினால் அங்கே வர்ற அணுவின் ஸ்பின் மட்டும் புரளும். புரண்ட அணுவைப் பொறியே வெளியே துப்பிடும். பிறகு அலைவரிசையை மெல்ல இறக்கிட்டே வரணும், பல பத்து மெகாஹெர்ட்ஸிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரை. ஈசிஇ படிக்கிறவங்க சந்தோஷப்படலாம், உலகின் மிகக் குளிர்ந்த பொருளைச் செதுக்கின கத்தி ஒரு சிக்னல் ஜெனரேட்டர்.

ஆனா கவனிங்க. ஒரு வகுப்பில் டாப்பர்களை வெளியே அனுப்பினால் வகுப்பு சராசரி ஒரு தடவை இறங்கும். மறுபடி இறங்கணும்னா, மிச்சமிருக்கிறவங்களிலிருந்து புதுசா டாப்பர்கள் உருவாகணும். அணுக்களில் அதைச் செய்யறது மோதல்தான். ரெண்டு அணு மோதி, ஒன்று கொஞ்சம் வேகம் கூடும், இன்னொன்று குறையும். மொத்த ஆற்றல் மாறாது. இது நல்ல மோதல், மீள் மோதல். இது நடக்கலைன்னா ரேடியோ கத்தி ஒரு வெட்டு வெட்டிட்டு சும்மா நிற்கும்.

ஆக, கணக்கு இப்படி ஆகுது. ஒரு கெட்ட மோதலுக்கு எத்தனை நல்ல மோதல்? நூறு இருநூறு என்ற அளவிலாவது இருந்தால்தான் ஆவியாதல் வேலை செய்யும். இந்த விகிதத்தை மனுஷன் முடிவு பண்ண முடியாது. எந்த அணுவைத் தேர்ந்தெடுத்தோமோ அதன் உள் அமைப்பு முடிவு பண்ணும்.

நல்ல மோதலை இந்தத் துறையில் ஒரே ஒரு எண்ணில் அடக்கிடறாங்க: சிதறல் நீளம். குளிர்ந்த அணுவின் அலை ரொம்ப நீளம் என்பதால், எதிரில் வர்ற அணுவின் நுணுக்கங்கள் அதுக்குத் தெரியாது. இவ்வளவு ஆரமுள்ள ஒரு கோலி குண்டு என்ற மாதிரிதான் தெரியும். ருபிடியம்-87-க்கு அந்த எண் ஏறக்குறைய 100 போர் ஆரம், அதாவது சுமார் 5 நானோமீட்டர். ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. எண் எதிர்மறையாகவும் வரலாம், அப்போ அணுக்கள் ஒன்றையொன்று இழுக்குதுன்னு அர்த்தம்.

இன்னொரு கெட்ட மோதலையும் சொல்லிடணும், ஏன்னா அது இல்லாமல் இந்தத் துறையின் விசித்திரம் புரியாது. மைக்ரோ கெல்வினில் சீசியமோ ருபிடியமோ நியாயமா எப்படி இருக்கணும்? கெட்டியான உலோகக் கட்டியா இருக்கணும். வாயுவா இருக்கிறது ஒரு ஏமாத்து வேலை. கட்டியாக ஆரம்பிக்க முதல்ல ரெண்டு அணு ஒட்டணும். ரெண்டு மட்டும் மோதினால் ஒட்ட முடியாது, வெளிவர்ற ஆற்றலைத் தூக்கிட்டுப் போக மூணாவது ஆள் வேணும். அதனால அடர்த்தியை ரொம்பக் குறைவா வெச்சால் மூணு பேர் ஒரே இடத்தில் சந்திக்கிறது அபூர்வம். கண்டன்சேட் சுற்றியிருக்கிற காற்றைவிட லட்சம் மடங்கு மெலிசா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். உலோகமாகிறதுக்குள் வேலையை முடிச்சுடணும்.

ருபிடியத்தின் அதிர்ஷ்டம்

அமெரிக்காவின் போல்டர் நகரில் ஜைலா லேபில் கார்ல் வீமனும் எரிக் கார்னெலும் ஆரம்பத்தில் கையில் எடுத்தது சீசியம்தான். 1993-ல் சீசியத்தின் மீள் மோதலைக் காந்தப் பொறியில் அளந்து பேப்பரே போட்டாங்க. பிறகு ருபிடியத்துக்கு மாறினாங்க. ருபிடியத்தில் ரெண்டு ஐசோடோப்பு இருக்கு, ஒன்று சரிவரலைன்னா இன்னொன்றை முயற்சி பண்ணலாம். அதோட ருபிடியத்துக்கு வேண்டிய 780 நானோமீட்டர் லேசர், சிடி பிளேயர் புண்ணியத்தில் மலிவா கிடைச்சது. பெரிய கண்டுபிடிப்புகளின் பின்னாடி இந்த மாதிரி சில்லறைக் காரணங்கள் இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பொறியின் நடுவில் புலம் பூஜ்ஜியமாகிற இடத்தில் அணு திசை தெரியாமல் புரண்டுபோற ஓட்டை ஒன்று இருந்தது. அந்த ஓட்டையை ஒரு சுழலும் காந்தப்புலத்தால் வேற இடத்துக்குத் தள்ளிட்டாங்க. 1995 ஜூன் 5 அன்று, சில மில்லியன் ருபிடியம்-87 அணுக்களில் ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஆவியாக்கி, மிச்சமிருந்த சுமார் 2,000 அணுக்களில் கண்டன்சேட் தெரிஞ்சது. சில மாசத்தில் எம்ஐடியில் வொல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் செஞ்சார். 2001 நோபல் இந்த மூணு பேருக்கும்.

பின்னாடிதான் ருபிடியம்-87 எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு தெரிஞ்சது. மோதும்போது ரெண்டு அணுவின் எலக்ட்ரான் ஸ்பின்களும் ஒரே பக்கமா இருக்கலாம், எதிரெதிராவும் இருக்கலாம். ரெண்டுக்கும் தனித்தனி சிதறல் நீளம் உண்டு. ருபிடியம்-87-ல் ரெண்டும் கிட்டத்தட்ட சமம். அதனால ஸ்பின் மாறுவதற்கான வழியே ஏறக்குறைய அடைபட்டுப் போகுது. யாரும் திட்டம் போட்டு வரவழைச்சது இல்லை, தற்செயலா அப்படி அமைஞ்சது.

சீசியம் செஞ்ச காரியம்

இப்போ சீசியத்துக்கு வருவோம். பாரிஸில் எக்கோல் நார்மால் சுப்பீரியரில் ழான் டாலிபார் குழு, ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொரு குழு. நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது, சீசியத்தின் மீள் மோதல் அசாதாரண அளவு அதிகம். நல்ல மோதல் நிறைய, ஆகவே ஆவியாதல் வேகமா நடக்கணும், இல்லையா?

பாரிஸ்காரங்க முதல்ல எடுத்தது, அணுவின் எல்லா ஸ்பின்களும் ஒரே பக்கம் பார்க்கிற உச்ச நிலை. இதில் ஒரு பாதுகாப்பு இருக்கு. ரெண்டு அணுவுமே உச்சத்தில் இருந்தால், ஒன்று மற்றொன்றுக்கு ஸ்பினை மாற்றிக் கொடுக்க இடமே இல்லை, மொத்தக் கோண உந்தம் விடாது. மிச்சமிருக்கிறது ஒரே ஒரு பலவீனமான வழி. ரெண்டு குட்டி காந்தங்களும் ஒன்றையொன்று திருப்பி, அந்த உந்தத்தை அணுக்களின் சுழலும் பாதைக்குக் கொடுத்துடுறது. அது மிகச் சின்ன விளைவு என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டிருந்தாங்க.

அளந்து பார்த்தால், கணக்கில் வந்ததைவிட மிக மிக அதிகம். 1998-ல் வெளிவந்த பேப்பரின் தலைப்பிலேயே ராட்சத என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை போட்டிருந்தாங்க. காரணம் சீசியத்தின் கனம். 55 புரோட்டான் உள்ள கருவைச் சுற்றி ஓடுற எலக்ட்ரானுக்குச் சார்பியல் விளைவுகள் பலமா இருக்கும். ரெண்டு சீசியம் அணு மிக நெருங்கி அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் உரசும்போது, அந்த விளைவு வழியா இன்னொரு ஸ்பின்-ஸ்பின் விசை முளைக்குது. லேசான சோடியத்தில் இதைக் கவனிக்கவே தேவையில்லை. சீசியத்தில் இதுதான் படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டின் உயரம் எவ்வளவுன்னு பார்த்தால் சிரிப்பு வரும். முதல் பத்தியில் சொன்ன 9,192,631,770 ஞாபகம் இருக்கா? எலக்ட்ரான் ஸ்பினும் கருவின் ஸ்பினும் சேர்ந்து நிற்கிற நிலைக்கும் எதிர்த்து நிற்கிற நிலைக்கும் உள்ள இடைவெளிதான் அந்த அதிர்வெண். அதை வெப்பநிலையாக மாற்றினால் 0.44 கெல்வின். 1 மைக்ரோ கெல்வினில் இருக்கிற வாயுவுக்கு இது 4 லட்சம் மடங்குக்கும் மேல். உலகத்துக்கே நேரம் சொல்ற அதே இடைவெளி, ஒரே மோதலில் ரெண்டு அணுவையும் பொறியை விட்டுத் தூக்கி எறிஞ்சுடும்.

கீழ் ஹைப்பர்ஃபைன் தளத்தில் இருக்கிற பொறிநிலையையும் முயற்சி பண்ணாங்க. அங்கே 0.44 கெல்வின் படிக்கட்டு இல்லை. ஆனா ஒவ்வொரு ஸ்பின் படியிலும் சின்னச் சின்னதா ஆற்றல் கசிஞ்சு, வாயு உள்ளேயே சூடாச்சு. கண்டன்சேட்டுக்கு நெருங்க நெருங்க அடர்த்தி கூடும், அடர்த்தி கூடக் கூட கெட்ட மோதலும் கூடும். கடைசி வாசலில் நின்றுடுச்சு.

இது கண்டன்சேட்காரங்க பிரச்சினை மட்டும் இல்லை. குளிர்ந்த சீசியம் அணுக்கள் மோதினால் கடிகாரத்தின் அதிர்வெண்ணே லேசா நகருது என்று 1993-லேயே கர்ட் கிபிளும் ஸ்டீவன் சூவும் அளந்து காட்டினாங்க. அதனால சீசியம் ஃபவுண்டன் கடிகாரங்களில் அணு அடர்த்தியை மாத்தி மாத்தி ஓட்டி, மோதலே இல்லைன்னா எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போட்டுத் திருத்தறாங்க.

பொறியையே மாத்து

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழு வேற விதமா யோசிச்சது. மாடியில் நிற்கிறதால்தானே பிரச்சினை? தரைத்தளத்திலேயே வெச்சுட்டால் இறங்க இடமே இல்லையே. ஆனா விங் தேற்றப்படி அடிநிலையைக் காந்தம் பிடிக்காது. அப்போ லேசரால் பிடிக்கணும். குளிர்விக்கிற லேசர் இல்லை, அணு விழுங்கவே விழுங்காத அகச்சிவப்பு லேசர். நிலையான காந்தப்புலத்துக்கு வெற்றிடத்தில் உச்சம் கிடையாது, ஒளிக்கு உண்டு. லென்ஸ் வெச்சுக் குவிச்சால் அந்தக் குவியம்தான் உச்சம். அங்கே அணு இழுபடும், அதுக்கு ஸ்பின் எந்தப் பக்கம்னு கவலை இல்லை. அவங்க எடுத்தது 100 வாட் அளவுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசர்கள், அக்ரிலிக் ஷீட் வெட்டற மெஷினில் இருக்கிற அதே வகை.

கனமான சீசியம் புவியீர்ப்பில் கீழே வழுக்கிடும் என்பதால், அதைத் தாங்க ஒரு காந்தப்புலச் சரிவும் வெச்சாங்க. நீங்களே போட்டுப் பார்க்கலாம். அணுவின் எடையை அடிநிலையின் காந்தத் திருப்புத்திறனால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 31 காஸ் வரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தச் சரிவு சரியா அடிநிலை அணுவை மட்டும்தான் மிதக்க வைக்கும், வேற ஸ்பின் நிலையில் இருக்கிறது தாங்காமல் போயிடும். காந்தம் இங்கே பொறி வேலையை விட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்கு வந்துடுச்சு.

ரெண்டு பேர் மோதலில் கெட்டது போச்சு. மூணு பேர் மோதல் மட்டும் பாக்கி. அது சிதறல் நீளத்தின் நாலாவது அடுக்கோட ஏறும், நீளம் ரெண்டு மடங்கானால் இழப்பு 16 மடங்கு. அடிநிலைச் சீசியத்துக்கு, புலம் இல்லாத இடத்தில் சிதறல் நீளம் ஆயிரக்கணக்கான போர் ஆரம், அதுவும் எதிர்மறையில். இங்கே சீசியத்தின் கெட்ட குணமே கைகொடுத்தது. ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்ற விளைவால் அதன் சிதறல் நீளம் காந்தப்புலத்தைப் பொறுத்து ரேடியோ குமிழைத் திருகற மாதிரி மாறும். 17 காஸில் பூஜ்ஜியம், அதுக்கு மேலே நேர்மறை. 21 காஸ் பக்கத்தில் மூவர் இழப்பு மிகக் குறைவு, சிதறல் நீளமும் 200 போர் ஆரத்தை ஒட்டி வசதியா இருக்கும். குமிழை அந்தப் பக்கமா கொண்டுவந்து வெச்சு ஆவியாக்கினாங்க. 2002 அக்டோபரில் சீசியம் கண்டன்சேட் ஆச்சு. பொறியில் எந்த நிலையைப் பிடிக்கிறோம், மோதல் எவ்வளவு பலம், ரெண்டையும் தனித்தனியா கையில் எடுத்ததுதான் வித்தியாசம்.

இதே வழியில்தான் குரோமியமும் போச்சு. குரோமிய அணுவின் காந்தத் திருப்புத்திறன் சீசியத்தைப் போல 6 மடங்கு, அதனால காந்தப் பொறியில் சுலபமா மாட்டும். ஆனா ரெண்டு குரோமியம் அணுக்களுக்கு நடுவில் உள்ள காந்த விசை 6 பெருக்கல் 6, 36 மடங்கு. எவ்வளவு நல்லா பிடிக்க முடியுதோ அவ்வளவு வேகமா ஒன்றையொன்று புரட்டிக் கீழே தள்ளும். ஸ்டுட்கார்ட்டில் டில்மன் ஃபௌ குழு அந்த இழப்பைக் காந்தப் பொறியிலேயே அளந்துட்டு, அணுக்களை லேசர் பொறிக்கு மாத்தி, அடிநிலைக்கு இறக்கி, 2005-ல் கண்டன்சேட்டை வெளியிட்டாங்க. 2011-ல் டிஸ்ப்ரோசியம், 2012-ல் எர்பியம் என்று இன்னும் பலமான காந்த அணுக்களும் வரிசையில் வந்துட்டாங்க.

இன்ஸ்ப்ரூக்காரங்க சீசியத்தை அதோட விடலை. குமிழ் கையில் இருக்கே, இழப்பு குறைவான இடத்தை விட்டுட்டு இழப்பு அதிகமான பக்கம் திருகிப் பார்த்தாங்க. 1970-ல் விட்டாலி எஃபிமோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் ஒரு விநோதமான கணிப்பு சொல்லியிருந்தார். ரெண்டு ரெண்டா ஒட்டாத துகள்கள்கூட, சிதறல் நீளம் ரொம்பப் பெரிசானால் மூணு பேரா சேரும்போது ஒட்டிக்கும் என்று. முப்பத்தஞ்சு வருஷம் அதை யாரும் தெளிவா பார்க்கலை. 10 நானோ கெல்வின் சீசியத்தில், புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை அணு காணாமல் போகுதுன்னு எண்ணினாங்க. 7.5 காஸ் பக்கத்தில் இழப்பு திடீர்னு ஒரு உச்சம் போட்டுச்சு. மூணு அணுக்களும் கூடின எஃபிமோவ் நிலை அங்கேதான் இருந்தது. 2006-ல் வந்த அந்த முடிவின் முக்கிய கிராஃபில் இருக்கிறது, அத்தனை வருஷமா எல்லாரும் விரட்டிட்டிருந்த அதே கெட்ட மோதலின் அளவுதான்.